சுங்கை சிப்புட் வகுப்புக்கு ஒரு கோட் சர்வர்: நாட்குறிப்பு

ஏப்ரல் 4

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கடைவீதி மாடியில் நடக்கும் கணினி வகுப்புப் பிள்ளைகள் எழுதும் நிரல்களைச் சேர்த்துவைக்கவும் பகிரவும் ஒரு சர்வர் வேண்டும். அதற்கு ஃபோர்ஜெயோ போதும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கருவி 'கிட்'; அதன் களஞ்சியங்களை (நிரல் தொகுப்புகளை) உலாவி வழியே நிர்வகிக்கும் மென்பொருள் இது. 2022இல் கிட்டீ என்ற இதே வகை மென்பொருளிலிருந்து பிரிந்தது. ஒரே பைனரி (இயங்கு கோப்பு), ஒரே கோப்பில் அடங்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம். இதே வேலைக்கான கிட்லேப்பில் வசதிகள் அதிகம்தான், ஆனால் நினைவகத்தை விழுங்கும். சின்ன வகுப்புக்கு அது வேண்டாத சுமை.

பழைய அலுவலக மினி பிசி ஒன்று: 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ராஸ்பெரி பை 4 என்ற கையளவு கணினி மலிவு, ஆனால் அதில் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தபின் இணையம் வரத் தாமதமானால் நேரம் பின்தங்கிவிடும், சான்றிதழ்ச் சோதனைகள் தோற்கும். எஸ்டி கார்டில் தரவுத்தளம் வைக்கவே கூடாது.

ஏப்ரல் 6

லினக்ஸ் ஏற்றுமுன் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்பில்) ஒரு மாற்றம்: மின்சாரம் திரும்பியதும் தானே எழும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மின்தடைக்கும் யாராவது மாடியேறி பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும்.

ஃபோர்ஜெயோவை ஓட்ட 'கிட்' என்ற தனிப் பயனர். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டக் கூடாது. சிஸ்டம்டி சேவையாக (கணினி எழும்போது தானே தொடங்கும்படி) வைத்தாயிற்று, போர்ட் 3000. சாவிக் கோப்பால் பாதுகாப்பாக நுழையும் எஸ்எஸ்ஹெச்சுக்குத் தனி போர்ட் திறக்கவில்லை, கணினியின் 22ஆம் போர்ட்டே போதும். சாவி சரியாக இருந்தும் கடவுச்சொல் கேட்டால் முதலில் அனுமதிகளைப் பாருங்கள்: கிட் பயனரின் வீட்டு அடைவு குழுவுக்கு எழுதத் திறந்திருந்தால் எஸ்எஸ்ஹெச் சாவிக் கோப்பை ஏற்காது. எஸ்எஸ்ஹெச் அடைவுக்கு 700, சாவிக் கோப்புக்கு 600: இரண்டும் உரிமையாளருக்கு மட்டும் என்று பொருள்.

ஏப்ரல் 7

அமைப்புக் கோப்பில் பொதுப் பதிவை அடைத்தாயிற்று. திறந்து விட்டால் விளம்பரக் கணக்குகள் குவியும். முகவரி அமைப்பும் முக்கியம்: அது 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே இருந்தால் குளோன் இணைப்பும் (களஞ்சியத்தை நகலெடுக்கும் முகவரி) அப்படியே வரும், வெளிக் கணினியில் திறக்காது.

கோரிக்கைகளை வாங்கி ஃபோர்ஜெயோவுக்குக் கடத்த முன்னால் என்ஜின்எக்ஸ். அதன் கோரிக்கை அளவு வரம்பு இயல்பாக 1 எம்பி. படங்களுள்ள களஞ்சியத்தை ஹெச்டிடிபி வழியே புஷ் செய்தால் (சர்வருக்கு அனுப்பினால்) 413 பிழை வரும். பலர் கிட்டைக் குறை சொல்வார்கள். குற்றம் இந்த ஒரு வரியில்தான். 512 எம்பி ஆக்கியதும் சரி.

ஏப்ரல் 11

தோட்டத்து வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் எட்ட வேண்டும். ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது உண்மையான பொது முகவரி அல்ல; இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது. அங்கே போர்ட் திறந்து பயனில்லை. இங்கே அதுதான் நிலை. வெளியே ஒரு சிறு வாடகை சர்வர் எடுத்து, மினி பிசியிலிருந்து அதற்கு வயர்கார்ட் சுரங்கம் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) போட்டாயிற்று. 25 விநாடிக்கு ஒரு துடிப்பு அனுப்பச் சொல்லாவிட்டால் சுரங்கம் சும்மா இருக்கும்போது வழியிலுள்ள ரூட்டர்கள் அந்த இணைப்பை மறந்துவிடும், வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது.

ஏப்ரல் 15

மத்தியானத்துக்குப் பின் இடி. இந்த மாதங்களில் பேராக்கில் இது வழக்கம். யுபிஎஸ்ஸில் மினி பிசியோடு ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் விழித்திருந்தும் வழி இருக்காது. பேட்டரி தீரும்போது ஒழுங்காக அணைய, யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் 'நட்' நிரல்.

பக்கத்துக் கட்டடத்துக்கு இழுத்திருந்த செம்பு லேன் கேபிளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அருகில் மின்னல் விழுந்தால் அதில் எழும் மின்னழுத்தம் போர்ட்டையே எரிக்கும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் அல்லது வைஃபைதான் சரி.

ஏப்ரல் 19

காப்புப் பிரதி. ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் கோப்பை வெறுமனே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலை சிக்கலாம். சேவையை நிறுத்தி, தரவுத்தளம், களஞ்சியங்கள், அமைப்புக் கோப்பு மூன்றையும் ஒன்றாக எடுத்தபின் தொடங்க வேண்டும். அதிகாலை 3 மணிக்கு வைத்திருக்கிறேன். அமைப்புக் கோப்பை விட்டுவிடாதீர்கள். ரகசியச் சாவி அதில்தான் இருக்கிறது; அது போனால் இரட்டைச் சரிபார்ப்பு வைத்தவர்கள் நுழைய முடியாது.

ஏப்ரல் 20

இன்னொரு மடிக்கணினியில் மீட்டுப் பார்த்தாயிற்று. பக்கங்கள் வந்தன, புஷ் மறுக்கப்பட்டது. ஒவ்வொரு களஞ்சியத்தின் ஹூக்கிலும் (புஷ் வரும்போது ஓடும் சிறு நிரல்) பைனரியின் பழைய பாதை எழுதப்பட்டிருக்கும். எஸ்எஸ்ஹெச் சாவிக் கோப்பிலும் அதே பாதைதான். ஹூக்குகளையும் சாவிகளையும் நிர்வாகக் கட்டளையால் மறுபடி உருவாக்கினால் தீரும். பிறகு களஞ்சியங்களில் எஃப்எஸ்சிகே (கிட்டின் பிழைச் சோதனை) ஓட்டினேன், பிழை இல்லை. இதைப் பார்த்த பிறகே பிள்ளைகளுக்குக் கணக்குகள் திறந்தேன். வாராந்திரப் பிரதி ஒன்று இனி ஈப்போவில் இருக்கும் வட்டுக்கும் போகும்.