சுயசான்றில் பிளான் அப்ரூவல்: மனுப் போடும் முன் டேப்பைப் பிடியுங்கள்

2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்றுத் திட்டம் (வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று மனைக்காரரே உறுதிமொழி தருவது) வந்த பிறகு, நம் திருநெல்வேலியிலும் சின்ன வீட்டுக்கு பிளான் அப்ரூவல் வாங்க மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. மனை 2500 சதுர அடிக்குள், கட்டடம் 3500 சதுர அடிக்குள், தரைத்தளமும் மிஞ்சிப்போனால் ஒரு மாடியும் என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றிக் கட்டணம் கட்டியதும் கியூஆர் கோடு போட்ட அனுமதி கைக்கு வந்துவிடும். நல்ல திட்டம். ஆனால், முன்பு ஆய்வுக்கு வருபவர் சுட்டிக்காட்டிய குறைகளை இனி நாமே கண்டுபிடித்தாக வேண்டும். பொறியாளர் வரைந்து கொடுத்தாலும் உறுதிமொழி மனைக்காரர் பெயரில்தான். தப்பு பிறகு தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அதற்குள் சுவர், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு வந்திருக்கும்.

முதல் சிக்கல் சென்ட் கணக்கில் வருகிறது. நம் பக்கம் மனையைச் சென்ட்டில்தான் பேசுவோம், திட்டமோ சதுர அடியில். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்தரை சென்ட் என்றால் 2395.8, கவலையில்லை. ஐந்தே முக்கால் என்றால் 2504.7. வெறும் 4.7 சதுர அடிக்காக சுயசான்று கிடைக்காது. வழக்கமான விண்ணப்பம்தான் போட வேண்டும்.

இதோடு பட்டாவையும் பாருங்கள். பத்திரத்தில் 5 சென்ட், அதாவது 2178 சதுர அடி இருக்கும். பட்டாவில் ஹெக்டேர்-ஏர் கணக்கில் 0-02.00 என்று இருக்கும். அது 2 ஏர், 200 சதுர மீட்டர், சுமார் 2153 சதுர அடி. இடத்தில் டேப் பிடித்தால் மூன்றாவதாக ஓர் அளவு வரும். மூன்றில் எது குறைவோ அதை வைத்து வரையச் சொல்லுங்கள். பத்திர அளவை நம்பி வரைந்தால் பக்கத்து மனைக்காரரோடு வேலித் தகராறு, பக்கவாட்டில் காலியாக விட வேண்டிய இடைவெளியில் குறைவு, இரண்டும் சேர்ந்து வரும்.

மாநகராட்சிக்குள் பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும், நகர நிலஅளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், டி.எஸ். (நகர நிலஅளவை) எண்ணும் இருக்கும். இரண்டும் ஒரே மனைதான் என்று காட்டும் ஆவணத்தை முதலிலேயே வாங்கி வையுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் மனுவைத் தொடவே வேண்டாம். உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவதுதான் இந்த வேலையிலேயே அதிக நாள் பிடிப்பது. வீட்டுக்கு நாள் பார்க்கும் முன் அதற்கு நாள் ஒதுக்குங்கள். காலிமனைத் தீர்வை ரசீதும் பாக்கியில்லாமல் இருக்கட்டும்.

மனை அங்கீகாரமில்லாத லேஅவுட்டில் இருந்தால் அதை முறைப்படுத்தும் வரன்முறை உத்தரவு வேண்டும். 2017 விதிகளின்படி, 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ மனை விற்றுப் பத்திரமான லேஅவுட்டுகளுக்குத்தான் அந்த வழி. புரோக்கர் "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று சொல்வது இதற்கு ஈடாகாது.

பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் கரையோர மனைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, மனையின் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று தேவையா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. வாய்க்காலின் இடத்தை ஒரு முழம் பிடித்தாலும் தண்ணீர் தன் வழியைக் கேட்டு வீட்டுக்குள் வரும்.

இனி காலி இடம். குறுகிய தெருவானாலும் முன்பக்கம் 1.5 மீட்டர், கிட்டத்தட்ட 5 அடி, விட வேண்டும். சாலை அகலமானால் இதுவும் கூடும். திருநெல்வேலி டவுனில் பொதுச்சுவரோடு ஒட்டி நிற்கும் தெருக்களைக் காட்டி "அங்கே விடவில்லையே" என்று கேட்பார்கள். தொடர் கட்டடப் பகுதி என்று வரையறுத்த இடங்களுக்கு விதி வேறு. பெருமாள்புரம் போன்ற குடியிருப்புப் பகுதி மனைக்கு அது பொருந்தாது. அதிகமாக மாட்டிக்கொள்வது வெளிப்படிக்கட்டு. மாடியை வாடகைக்கு விடும் யோசனையில், வரைபடத்தில் இல்லாத படியைப் பக்கத்து இடைவெளியில் கடைசியில் கட்டுகிறார்கள். படி வேண்டுமென்றால் வரையும்போதே உள்ளே இழுத்து வையுங்கள். மழைநீர்த் தொட்டியையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

கடன் வாங்குபவர்கள் வங்கிக்குக் கொடுக்கும் மதிப்பீட்டில் உள்ள சதுர அடியும் அனுமதியில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் அடுத்த தவணை நிற்கும்.

அனுமதி வந்ததும் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொத்தனார் கையில் கொடுங்கள். அடித்தளத்துக்கு வானம் தோண்டும் முன் கயிறு கட்டும் அன்று நீங்களும் டேப்போடு நில்லுங்கள். கயிறு சுவரின் நடுக்கோட்டில் ஓடும். 9 அங்குலச் சுவர் அங்கிருந்து வெளிப்பக்கம் நாலரை அங்குலம் போகும், மேலே பூச்சு வேறு. வரைபடத்து இடைவெளியைக் கயிற்றிலிருந்து அளக்காமல், சுவரின் வெளிமுகம் வரும் இடத்திலிருந்து எல்லைக்கல் வரை அளந்து பாருங்கள்.