ஒரு மெசானுக்கு ஃபோட்டான் கொடுக்கும் விலை

குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த துகள்தான் மெசான்; அவற்றில் ஒன்றான நடுநிலைப் பையானின் நிறை, ஆற்றல் அலகில் சொன்னால், 135 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அதே அளவு ஆற்றலுள்ள ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, அசையாமல் நிற்கும் புரோட்டானின் மீது மோதவிட்டால் பையான் பிறக்காது, 144.7 வேண்டும். ஃபோட்டான் உந்தத்தையும் சுமந்து வருகிறது. உந்தம் அழியாது என்பதால், மோதலுக்குப் பின் புரோட்டானும் புதிய பையானும் முன்னோக்கி நகர்ந்தே தீர வேண்டும், அந்த நகர்வுக்கான செலவுதான் மீதமுள்ள 9.7. இந்தக் கூடுதல் செலவு மெசானின் நிறையின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 548 நிறையுள்ள ஈட்டா மெசானுக்கு அது 160; 3097 நிறையுள்ள ஜே/சை மெசானுக்கோ 5100ஐத் தாண்டி, மெசானின் நிறையையே விஞ்சிவிடுகிறது.

கணக்கை ஒரு தாளில் போட்டுவிடலாம். புரோட்டானைத் தாக்கிய ஃபோட்டானின் ஆற்றல் இன்னதென்று சொல்வதுதான் கடினம். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் மெக்மில்லனும் உடன் பணியாற்றியோரும் 1949இல் எலக்ட்ரான்களை முடுக்கும் சின்க்ரோட்ரான் இயந்திரத்தின் கதிர்களால் மெசான்களை உண்டாக்கினார்கள். மறு ஆண்டே ஸ்டைன்பெர்கர், பனோஃப்ஸ்கி, ஸ்டெல்லர் ஆகியோர் அதே இயந்திரத்தில், அது சிதையும்போது ஒரே நேரத்தில் வெளிப்படும் இரண்டு ஃபோட்டான்களைக் கொண்டு நடுநிலைப் பையானை அடையாளம் கண்டார்கள். ஆனால் உலோகத் தகட்டில் எலக்ட்ரான் வேகம் இழக்கும்போது எழும் அந்தக் கதிரில், உச்ச ஆற்றல்வரை எல்லா ஆற்றல்களும் கலந்தே இருக்கும்.

இதற்குக் கண்ட தீர்வுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஃபோட்டானை நேரடியாக அளக்காமல், அதை உமிழ்ந்த எலக்ட்ரானை அளக்கிறார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், 1600 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்வரை முடுக்கப்படும் எலக்ட்ரான்கள் மெல்லிய தகட்டைக் கடந்து காந்தப்புலத்துக்குள் நுழைகின்றன. அதிக ஆற்றலை இழந்த எலக்ட்ரான் அதிகமாக வளைவதால், வரிசையாக நிற்கும் உணர்விகளில் எது துடிக்கிறது என்பதே அதன் மீதி ஆற்றலைச் சொல்லிவிடுகிறது. தொடக்க ஆற்றலிலிருந்து அதைக் கழித்தால் ஃபோட்டானின் ஆற்றல் கிடைக்கும். திரவ ஹைட்ரஜனைச் சூழ்ந்திருக்கும் 672 சோடியம் அயோடைடு படிகங்களில், பையான் சிதைந்து உண்டான இரண்டு ஃபோட்டான்களும் அதே கணத்தில் பதிவாகியிருந்தால், அந்த எலக்ட்ரானையும் இந்த மோதலையும் இணைத்துவிடலாம்.

இப்படி அளந்தால், 340 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில் பையான் உற்பத்தி செங்குத்தாக எழுந்து விழுகிறது. அங்கே புரோட்டான் டெல்டா என்னும் கிளர்நிலைக்குத் தாவி, உடனே பையானை உமிழ்ந்து மீள்கிறது.

ஜே/சையின் கதை வேறு. அதைப் பிறப்பிக்க 8.2 பில்லியன் எலக்ட்ரான் வோல்ட் தேவை. அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் குளூஎக்ஸ் குழு இந்த எல்லையை ஒட்டிய அளவீடுகளை 2019இல் வெளியிட்டது. ஜே/சை, சார்ம் என்னும் வகைக் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தது. புரோட்டானின் அடிப்படைக் குவார்க்குகளில் சார்ம் இல்லாததால், இந்த மோதல் குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்கள் வழியாக நடப்பதாகக் கொண்டு, புரோட்டானுக்குள் குளுவான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று கணிக்க முயல்கிறார்கள். எனக்கு இதில் சிறு தயக்கம் உண்டு. சார்ம் குவார்க் கொண்ட லாம்ப்டா என்னும் துகளும் டி மெசானும் சேர்ந்து பிறப்பதற்கான எல்லை 8.7 பில்லியனிலேயே வந்துவிடுவதால், அவை இடையில் தோன்றி ஜே/சையாக மாறும் வழியும் அளக்கப்பட்ட ஜே/சை எண்ணிக்கையில் கலந்திருக்கக்கூடும்.