ஃபார்மட் போட்டும் திரும்பி வரும் வைரஸ்

சத்துவாச்சாரியோ குடியாத்தமோ, வைரஸ் பிடித்த வீட்டுக் கணினியைச் சர்வீஸுக்குத் தூக்கி வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுக் குடுத்துடுங்க சார்." போட்டுக் கொடுப்பது சுலபம். ஆனால் ஒரு வாரம் பத்து நாளில் அதே சிபியூ அதே புகாரோடு வந்து நிற்கும். ஃபார்மட் துடைப்பது சி டிரைவை. வைரஸோ டி டிரைவிலும் மேசை டிராயரில் கிடக்கும் பென்டிரைவ்களிலும் பத்திரமாக இருக்கிறது.

வேலூர் பக்கம் வீடுகளுக்குள் வரும் வார்ம்களில், அதாவது தானே நகலெடுத்துப் பரவும் வைரஸ்களில், அதிகம் பார்ப்பது ஷார்ட்கட் வைரஸ்தான். அது வரும் வழியும் தெரிந்ததே. காந்தி ரோட்டில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ரிப்போர்ட் பிரின்ட் எடுக்கும் கடைகள், காட்பாடியில் மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் போடும் கடைகள், அப்ளிகேஷன் போடும் கடைகள் என எங்கும் ஒரே கணினியில் நாள் முழுக்க ஊரார் பென்டிரைவ் எல்லாம் ஏறி இறங்குகிறது. எழுதி மூடிய ஸ்கேன் சிடியில் புதிதாக எதுவும் ஏற முடியாது. "இதைப் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க" என்று நீட்டும்போதுதான் ஒட்டிக்கொள்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. பென்டிரைவில் உள்ள ஃபோல்டர்கள் எல்லாவற்றுக்கும் ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு குறிகளையும் போட்டு மறைத்துவிடும். அதே பெயரில், ஃபோல்டர் படத்தோடு, ஒன்றிரண்டு கேபி அளவில் ஷார்ட்கட்களை வைக்கும். டபுள் கிளிக் செய்தால் முதலில் மறைந்திருக்கும் விபிஎஸ் ஸ்கிரிப்ட் (வைரஸின் கட்டளைகள் அடங்கிய சிறு ஃபைல்) ஓடும், அடுத்த நொடி உண்மையான ஃபோல்டரும் திறக்கும். ஃபோல்டர் திறந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. படத்தின் இடது மூலையில் உள்ள சின்ன அம்புக்குறி ஒன்றுதான் அடையாளம். கணினிக்குள் புகுந்த ஸ்கிரிப்ட், ஆப்டேட்டா ரோமிங்கிலோ டெம்ப் ஃபோல்டரிலோ தன்னை நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியின் ரன் பகுதியிலும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும், கணினி எழும்போதெல்லாம் தானும் ஓடும்படி, பெயரைப் பதிந்துகொள்ளும். அதன்பின் புதிதாக எந்தப் பென்டிரைவ் செருகினாலும் சில நொடிகளில் அதற்கும் தொற்றும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலை அழித்தால் அது மறுபடி எழுதிக்கொள்ளும். பாதி பேர் தோற்பது இங்கேதான். அதனால் வரிசை முக்கியம். முதலில் பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றி, வைஃபையை அணைத்து, நெட் கேபிளைப் பிடுங்க வேண்டும். அடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பக்கத்தில் டபிள்யூஸ்கிரிப்ட் (விபிஎஸ் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் விண்டோஸ் புரோகிராம்) என்ற பெயரில் எத்தனை ஓடினாலும் அத்தனையையும் நிறுத்த வேண்டும். டாஸ்க் மேனேஜரே திறக்கவில்லை என்றால் அதையும் வைரஸ் பூட்டியிருக்கலாம். ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போகலாம். அதன் பிறகே ரன் பதிவு, ஸ்டார்ட்அப் ஃபோல்டர், டாஸ்க் ஷெட்யூலர் மூன்றிலும் தெரியாத பெயர்களை நீக்குவது. மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் காட்டிவிடும். ஸ்கிரிப்ட் ஃபைலை அழிப்பது கடைசியில்.

பிறகு சில நிமிடம் நெட் கொடுத்து விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் டெஃபினிஷன்களை (வைரஸ் அடையாளப் பட்டியலை) புதுப்பித்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்ட வேண்டும். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் பிடிக்கும். அதோடு டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலையும், அதாவது தேடாமல் விடச் சொன்ன இடங்களையும், பாருங்கள். திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்யப் போட்ட கருவிக்காக யாரோ முழு சி டிரைவையும் அதில் சேர்த்திருப்பார்கள். அப்படியிருந்தால் ஸ்கேன் எத்தனை முறை ஓட்டினாலும் 'ஒன்றுமில்லை' என்றே வரும்.

பென்டிரைவுக்கு வருவோம். வீட்டில் உள்ளவை, பக்கத்து வீட்டில் இரவல் போனவை, மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே நாளில் சுத்தமாக வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை முதலிலிருந்து. இதற்குக் கைகண்ட வழி ஆண்ட்ராய்டு போன். விண்டோஸுக்காக எழுதிய ஸ்கிரிப்ட் அதில் ஓடாது. விண்டோஸ் போட்ட ஹிடன் குறியையும் பெரும்பாலான போன்கள் சட்டை செய்வதில்லை. பென்டிரைவைப் போனோடு இணைக்கும் ஓடிஜி வயரில் மாட்டினால் நிஜ ஃபோல்டர், எல்என்கே ஷார்ட்கட், விபிஎஸ் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பின்னவை இரண்டையும் அழித்துவிட்டு, சுத்தமான கணினியில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, மறைந்த ஃபோல்டர்களை மீட்கலாம். போனில் சொல்வதுபோல் சொன்னால்: அட்ரிப், இடைவெளி, மைனஸ் எஸ், இடைவெளி, மைனஸ் ஹெச், இடைவெளி, மைனஸ் ஆர், பிறகு டிரைவ் எழுத்து, கோலன், பின்சாய்வு, நட்சத்திரம், இடைவெளி, ஸ்லாஷ் எஸ், இடைவெளி, ஸ்லாஷ் டி. சில வகைகளில் எல்லா ஃபைலும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் போயிருக்கும். டேட்டா போய்விட்டது என்று அவசரப்பட்டு ரெக்கவரி மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். டிரைவின் ப்ராப்பர்டீஸில் நிரம்பிய அளவு குறையாமல் இருந்தால் எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

சுத்தமானதா என்று தெரிய ஒரு சோதனை உண்டு. காலிப் பென்டிரைவ் ஒன்றை ஃபார்மட் செய்து, அதில் ஒரு ஃபோல்டரும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் போட்டு, கணினியை ரீஸ்டார்ட் செய்து, செருகி ஐந்து நிமிடம் விட்டு, போனில் மாட்டிப் பாருங்கள். ஷார்ட்கட் முளைத்திருந்தால் வேலை முடியவில்லை.

ஃபார்மட் உண்மையில் தேவைப்படுவது சாலிட்டி, வைரட் போன்றவை வந்தால். அவை இஎக்ஸ்இ எனப்படும் புரோகிராம் ஃபைல்களுக்குள்ளேயே நுழைந்துகொள்ளும். அப்போதும் சி டிரைவை மட்டும் துடைத்துப் பயனில்லை. டி டிரைவில் 'சாஃப்ட்வேர்' என்று ஒரு ஃபோல்டர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பழைய பிரின்டர் டிரைவர், வின்ரார் எல்லாம் அதில்தான். புது விண்டோஸ் ஏறியதும் முதலில் ஓட்டுவதும் அதையே. அந்த ஃபோல்டரைத் தயங்காமல் அழித்துவிட்டு, டிரைவரைத் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குவது நல்லது. போட்டோ, பாட்டு, பிடிஎஃப் வைத்துக்கொள்ளலாம்.

நெட்வொர்க் வழியே பரவும் ரகத்துக்கு மருந்து அப்டேட்தான். கான்ஃபிக்கர் என்ற வார்ம் 2008 நவம்பரில் கிளம்பியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டான பேட்ச் அக்டோபர் 23 அன்றே வந்துவிட்டது. வானாக்ரை என்ற வார்ம் கிளம்பியது 2017 மே 12. அதற்கான பேட்ச் வந்தது மார்ச் 14 அன்றே. இன்னும் விண்டோஸ் 7 ஓட்டும் வீடுகளில் 2020 ஜனவரி 14க்குப் பிறகு வழக்கமான இலவச அப்டேட் கிடையாது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

மறுபடி வராமல் இருக்க, செருகியதும் தானே ஓட வைக்கும் ஆட்டோரனை அணைத்தால் போதும் என்ற நம்பிக்கை பழையது. விண்டோஸ் 7 முதலே பென்டிரைவுக்கு அது கிடையாது. ஷார்ட்கட் வைரஸ் காத்திருப்பது நம் கிளிக்குக்காக. பென்டிரைவில் ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப் என்று வெறும் ஃபோல்டர் உருவாக்கி வைக்கும் தந்திரமும் இதன்முன் எடுபடாது. விபிஎஸ் ஃபைலை நோட்பேடில் திறக்குமாறு மாற்றுவதும் அரைகுறைதான். ஷார்ட்கட்களில் சில நேரடியாக டபிள்யூஸ்கிரிப்டையே கூப்பிடும். ரிஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், செட்டிங்ஸ் என்று போய், எனேபிள்டு என்ற டிவேர்டு மதிப்பை 0 ஆக்கினால் ஸ்கிரிப்ட் ஓடுவது நிற்கும். வீட்டுக் கணினிக்கு இதனால் இழப்பு அநேகமாக இல்லை. ஏதாவது கணக்கு மென்பொருள் இன்ஸ்டால் ஆகாமல் முரண்டு பிடித்தால் 1 ஆக்கி, முடிந்ததும் 0.

இந்த ஸ்கிரிப்ட்களில் சில, கணினியைத் தூரத்திலிருந்து இயக்கவும் விடும். அதனால் மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாற்ற வேண்டும். சுத்தம் செய்வதற்கு முன் அதே கணினியில் மாற்றுவது வீண். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்கலாம்.

ஜெராக்ஸ் கடைக்கென்று சின்னதாக ஒரு பென்டிரைவ் தனியே வையுங்கள். பிரின்ட் எடுக்கவேண்டிய பிடிஎஃப் தவிர அதில் ஒன்றும் வேண்டாம். வீடு திரும்பியதும் போனில் மாட்டி ஃபார்மட். வாட்ஸ்அப் வெப் வழியாக அனுப்புவதாக இருந்தால், படி இறங்குமுன் போனில் லிங்க்டு டிவைசஸுக்குப் போய்க் கடைக் கணினியை லாக் அவுட் செய்துவிடுங்கள்.