ஆண்டின் வாசலில் ஓர் உடன்படிக்கை

கொழும்பு புறக்கோட்டை டாம் வீதியில், சைக்கிள் கடைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே நிற்கிறது அந்த மெதடிஸ்த ஆலயம். 1816 டிசம்பரில் திறக்கப்பட்டது; ஆசியாவிலேயே மிகப் பழைய மெதடிஸ்த ஆலயம் என்பார்கள். ஆண்டின் கடைசி நாள் பிற்பகலில் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, அங்கே போய்ச் சற்று நேரம் ஜெபித்துவிட்டு வருவது என் வழக்கம். இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய மெதடிஸ்த மிஷனரிகள், தங்களை அழைத்துவந்த தோமஸ் கோக்கை நடுக்கடலில் அடக்கம் செய்துவிட்டு, தலைவர் இல்லாமலே 1814 ஜூன் 29ஆம் திகதி காலியில் கரையிறங்கினார்கள். அவர்கள் திரும்பிப் போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஒவ்வொரு முறையும் இந்த எண்ணம் என்னை உலுக்கிவிடுகிறது.

டிசம்பர் 31 இரவு நாங்கள் கண்விழித்து ஜெபிப்பதும் அவர்களுடைய மரபில் வந்ததுதான். பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வுட்டில், சனிக்கிழமை இரவுகளை மதுக்கடையில் கழித்துவந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், மனந்திரும்பிய பின் அதே இரவுகளை ஜெபத்துக்குக் கொடுத்தார்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அதை ஆதரித்து வளர்த்தார். தொடக்கத்தில் அது மாதந்தோறும், பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையில் நடந்தது. நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்புகிறவர்களுக்கு நிலவு வெளிச்சம் வேண்டுமே! ஆண்டின் கடைசி இரவோடு அது இணைந்தது பிற்பாடுதான்.

வெள்ளவத்தையில் எங்கள் சபையிலும் அன்றிரவு பாட்டு, சாட்சி, 90ஆம் சங்கீதம் என்று ஆராதனை நீளும். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னர் எல்லோரும் முழங்காலில் நிற்போம். வெளியே காலி வீதி முழுவதும் பட்டாசு அதிரும். பிறகு, ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு வரும்; பிள்ளைகள் முந்திக்கொண்டு எடுப்பார்கள், பெரியவர்களும்தான். அந்த வசனங்கள் எத்தனையோ பேரை ஆண்டு முழுவதும் தாங்கியிருக்கின்றன. ஆனால், கர்த்தர் எனக்கு என்ன தருவார் என்பதோடு புத்தாண்டு முடிந்துவிட்டால், நாம் பாதிதான் விழித்திருக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

மீதி, ஜனவரி முதல் ஞாயிறன்று நடக்கும் உடன்படிக்கை ஆராதனையில் இருக்கிறது. வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கிவைத்தது அது. நான் இனி எனக்குரியவன் அல்ல, உமக்கே உரியவன் என்று சபையார் ஒருமித்துச் சொல்வார்கள். உமக்காக வேலை செய்யவும் சம்மதம், உமக்காக ஒதுக்கி வைக்கப்படவும் சம்மதம் என்று ஜெபம் தொடரும். இரண்டாவதைச் சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை. உழைப்பதாக வாக்குக் கொடுத்துவிடலாம். ஒதுக்கி வைத்தாலும் சரி என்று மனதாரச் சொல்வது எளிதா?

இந்த முறை என் பக்கத்தில், எங்களுக்கு ஞாயிறு பாடசாலையில் படிப்பித்த ரீச்சர் சக்கர நாற்காலியில் இருந்தார். ஜெபப் புத்தகத்தைக் கண்ணருகே பிடித்திருந்தார், கை நடுங்கியது. அந்த வரி வந்தபோது அவருடைய குரல்தான் எல்லோருக்கும் மேலாகக் கேட்டது. திருவிருந்து முடிந்ததும் என் கையைப் பிடித்து, “பிள்ளை, இனி என்னால் பாடம் நடத்த முடியாது. யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று பெயர்களை எழுதித் தா” என்றார்.

அன்று மாலையே ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு, இன்னும் பெயர்கள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.