பத்துக்குப் பத்து போதுமா?

வீட்டு பிளான் போட்டுக்கொடுக்கும் வேலையில், சமையலறை எந்தப் பக்கம், மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்பதையெல்லாம் எப்படியோ பேசி முடித்துவிடலாம். பிள்ளைகள் அறை என்று வந்துவிட்டால் அப்பாவுக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு ஒரு கணக்கு, மனையின் அளவுக்கு ஒரு கணக்கு, மூன்றும் ஒத்துப்போகாது. அந்த அறையில் இருக்கப்போகிறவர்கள் அந்தப் பேச்சில் சேரவே மாட்டார்கள். ஓரமாக உட்கார்ந்து என் ஸ்கேலை எடுத்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் வரும் கோரிக்கை, "ரெண்டு ரூமும் ஒரே சைஸ்ல இருக்கணும் சார்." இதை நான் குறை சொல்ல மாட்டேன், பின்னாளில் "அவனுக்கு மட்டும் பெரிசா கொடுத்தீங்க" என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்ற பயம் நியாயமானதுதான். அடுத்தது, "குறைஞ்சது 12-க்கு 14 வேணும்." ஏன் என்று கேட்டால், நாளைக்கு வேலைக்குப் போய், கல்யாணமாகி, குடும்பத்தோடு வந்து தங்கினால் பெரிய கட்டில் போட வேண்டாமா என்பார்கள். ஆக, ஆறு வயதுக் குழந்தையின் அறையை முப்பது வயது ஆளுக்காகப் போடச் சொல்கிறார்கள், அதுவும் வருஷத்தில் சில நாள் வந்துபோகும் ஆளுக்காக.

இதற்கு நடுவில் கிடக்கிற வருஷங்களைத்தான் நான் பேச்சில் இழுத்து வருவேன். நாலைந்து வயதுக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய அறை கொடுத்தாலும் பொம்மைகளை அள்ளிக்கொண்டு ஹாலுக்குத்தான் வரும், ஏனென்றால் பெரியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த வயதுக்கு இடம் ஒதுக்க வேண்டுமென்றால் ஹாலை ஒட்டி ஒதுக்குவதே சரி. பத்துப் பன்னிரண்டு வயதில் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்குவார்கள். பள்ளி முடிந்ததும் பலர் வெளியே படிக்கப் போய்விடுவார்கள். அறை முழுசாக அவர்களுடையதாக இருப்பது இந்த இடைப்பட்ட காலத்தில்தான், அப்போது தேவைப்படுவது ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு அலமாரி, தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒற்றைக் கட்டில் 3 அடிக்கு ஆறேகால் அடி. படிக்கிற மேஜை 4-க்கு 2. அலமாரியும் 4-க்கு 2 என்றே வையுங்கள். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 35 சதுர அடி. 10-க்கு 10 அறையில் இது போக 65 சதுர அடி மிச்சம், கதவு திறக்க ஒரு 9 போனாலும் நடமாடத் தாராளமான இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2015-ல் வந்த வீட்டு அளவு வரைமுறையில் ஒருவர் படுக்கும் அறைக்குக் குறைந்தபட்சம் 7.5 சதுர மீட்டர், அதாவது 81 சதுர அடி போலத்தான். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் குடியிருப்பு விதிகளில் 70 சதுர அடி இருந்தால் போதும், எந்தப் பக்கமும் 7 அடிக்குக் குறையக்கூடாது, அவ்வளவுதான். இதெல்லாம் அடிமட்ட அளவுகள், நான் அவற்றைச் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் 100 சதுர அடி என்றதும் முகம் சுளிப்பவர்களிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் நிதானமாகக் கேட்கிறார்கள்.

அளவை விட எனக்கு முக்கியம் சுவர். இதைப் புரியவைக்கத்தான் பாடுபடுகிறேன். 12-க்கு 14 அறைக்குச் சுற்றுச்சுவர் 52 அடி. ஆனால் பெரிய அறை என்றதும் கூடவே ஆசைகளும் வந்துவிடும். அட்டாச்டு பாத்ரூம் ஒன்று, பால்கனிக் கதவு ஒன்று, இரண்டு பக்கமும் ஜன்னல். அறைக்கதவுக்கு 3, பாத்ரூம் கதவுக்கு இரண்டரை, பால்கனிக்கு 3, இரண்டு ஜன்னலுக்கு எட்டு என்று கழித்தால் மிச்சம் முப்பத்தைந்தரை அடி. 10-க்கு 11 அறையில் மூலையை ஒட்டி ஒரு கதவு, ஒரே ஒரு 4 அடி ஜன்னல் என்றால் 42-ல் 7 போக 35 அடி. 58 சதுர அடி கூடுதலாகக் கட்டி, கிடைப்பது அரை அடிச் சுவர்! அந்த முப்பத்தைந்தரையும் துண்டு துண்டாகக் கிடக்கும், கட்டில் போட்டால் தலைமாட்டில் ஜன்னல், அலமாரி வைத்தால் பாத்ரூம் கதவு இடிக்கும். கடைசியில் மேஜை நடு அறையில் வந்து நிற்கும். சின்ன அறையில் இரண்டு சுவராவது முழுசாகக் கிடைக்கும். கதவைச் சுவரின் நடுவில் வைக்காமல் மூலைக்குத் தள்ளினாலே அறை ஒரு அடி வளர்ந்த மாதிரி இருக்கும், அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

அட்டாச்டு பாத்ரூம் பற்றித் தனியாகவே எழுதலாம். 5-க்கு 8 என்றால் 40 சதுர அடி, பிள்ளைக்கு ஒன்று என்றால் 80, ஏறக்குறைய இன்னொரு அறை. இரண்டு அறைக்கும் நடுவில் பொதுவாக ஒன்று போட்டு இரு பக்கமும் கதவு வைக்கலாம் என்று சிலர் கேட்பார்கள். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒருவர் உள்ளே போகும்போது அடுத்தவர் பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, வரும்போது எடுக்க மறந்துவிடுவார். காலையில் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் தொடங்கும் சண்டை. நான் வெளியே தாழ்வாரத்தில் திறக்கிற மாதிரி ஒன்றே போடச் சொல்வேன்.

சரி, பிள்ளைகள் அறைக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும்தான் என்றால் எங்கிருந்து எடுப்பது? மாஸ்டர் பெட்ரூமிலிருந்து. இதைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். 6-க்கு ஆறரை கட்டில், இரண்டு பக்கமும் இரண்டரை அடி நடக்க இடம், ஆக 11 அடி அகலம். நீளத்தில் கட்டில் ஆறரை, நடுவே 3, அலமாரி ஆழம் 2, மொத்தம் பதினொன்றரை. 12-க்கு 13 போட்டாலே தாராளம், ஆனால் கேட்பது 14-க்கு 16. 68 சதுர அடி சும்மா கிடக்கும், இரவில் தூங்க மட்டும் போகிற அறையில். பகல் முழுக்கப் படித்து, வரைந்து, நண்பர்களோடு உட்கார்ந்து, கோபித்துக்கொண்டு படுத்துக்கிடக்கும் பிள்ளைகள் அறைக்கு அதில் பாதி போனாலும் பெரிய வித்தியாசம். சில பெற்றோர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். சிலர், "நாங்களும் இத்தனை வருஷம் சின்ன ரூம்லதான் சார் இருந்தோம்" என்பார்கள். அதற்கு மேல் நான் பேசுவதில்லை, அந்த ஆசைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

ஒரே அளவு என்ற பிடிவாதத்துக்கு வருகிறேன். மனை சதுரமாக இருந்தாலும் பில்லரும் மாடிப்படியும் எங்காவது இடிக்கும், ஒரு அறை 10-க்கு 12, மற்றது 10-க்கு பத்தரை என்று வந்து நிற்கும். அப்போது பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்பேன். ஒரு வீட்டில் பெரியவளுக்குப் பெரிய அறை என்று அப்பா முடிவே செய்துவிட்டார். அவள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், எந்த ரூம் ஹாலுக்கு தூரமா இருக்கு?" என்றாள். சின்னதுதான் தூரம், அவள் அதைத்தான் எடுத்துக்கொண்டாள். இன்னொரு பையனுக்கு ஜன்னலில் ஏறி உட்கார முடியுமா என்பதே கேள்வி. சதுர அடி கேட்ட பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

பின்னாளில் பெரிய அறை வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, இரண்டு அறையையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு நடுச்சுவரை மட்டும் எடுக்கக்கூடியதாகக் கட்டுவது. பில்லர், பீம் போட்ட கட்டடமாக இருந்தால்தான் இது நடக்கும், சுவரே பாரம் தாங்குகிற கட்டடத்தில் கைவைக்கக்கூடாது. அந்தச் சுவருக்குள் மின்சார ஒயரோ தண்ணீர்க் குழாயோ ஓடக்கூடாது. கதவு, ஜன்னல், ஃபேன் கொக்கி, சுவிட்ச் போர்டு எல்லாம் ஆரம்பத்திலேயே ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். லேசான பலகைத் தடுப்பு போட்டால் சத்தம் கடக்கும். அதற்கு இரண்டு பேர் அலமாரியையும் அந்தத் தடுப்பை ஒட்டியே, ஒன்று இந்தப் பக்கம் பார்த்து, மற்றது அந்தப் பக்கம் பார்த்து வைத்துவிட்டால் துணிமணிகளே கொஞ்சம் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டு 10-க்கு 11 அறை, தடுப்பை எடுத்தால் 20-க்கு 11. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது போதாதா?

இப்போதெல்லாம் இரண்டு பிளான் போட்டுக்கொண்டு போகிறேன். ஒன்று அவர்கள் கேட்டபடி, மற்றது நான் சொல்கிறபடி, இரண்டிலும் கட்டில், மேஜை, அலமாரி எல்லாவற்றையும் சரியான அளவில் வரைந்து. வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், இப்போது படுக்கிற அறையை டேப் வைத்து அளந்துகொண்டு வாருங்கள் என்பேன். பாதிப் பேர் திரும்பி வரும்போது மூன்றாவதாக ஒரு பிளானோடு வருவார்கள், கோடு போட்ட நோட்டில் பிள்ளை வரைந்தது. அளவு எதுவும் சரியாக இருக்காது, கதவு மட்டும் சரியான மூலையில் இருக்கும்.