ஒரே பாட்டு, இரண்டு பக்கமும்

1992-இல் மதுரையில், கேட்ட பாட்டை வெற்றுக் கேசட்டில் பதிந்து தரும் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஒரு நாள் ஆட்டோக்காரர் ஒருவர் அறுபது நிமிட வெற்றுக் கேசட்டை நீட்டினார். என்னென்ன பாட்டு என்று எழுதிக் கொடுங்கண்ணே என்றேன். "லிஸ்ட் எல்லாம் இல்ல தம்பி. குணாவுல வர்ற 'கண்மணி அன்போடு' மட்டும். ரெண்டு பக்கமும் அதே" என்றார். பக்கத்துக்கு ஐந்து தடவை. ஒலி அளவு காட்டும் மீட்டர் முள் சிவப்புக்குப் போகாமல் பார்த்தபடி பத்துத் தடவையும் உட்கார்ந்து கேட்டேன். சில மாதம் கழித்து, நாடா தேய்ந்துவிட்டது என்று இன்னொரு கேசட்டோடு வந்தார். இடையில் அந்தப் பாட்டை அவர் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பாரோ! ஆர்டர் எழுதும் எங்கள் நோட்டில் இருந்ததோ இரண்டே வரி.

2022 ஜூனில் அக்கா மகள் தன் போனில் ஒரு ஆங்கிலப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். கேட் புஷ் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்'. 1985-இல் வெளிவந்தபோது பிரிட்டனின் ஹிட் பாட்டுப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போன பாட்டு. 37 வருடம் கழித்து அதே பாட்டு அங்கே முதலிடத்துக்கு வந்திருந்தது. அமெரிக்காவில் அன்று 30-ஆவது இடத்தோடு நின்றது, அடுத்த மாதம் மூன்றாம் இடம் வரை வந்தது.

காரணம் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். 1986-இல் நடக்கும் அந்தக் கதையில் மேக்ஸ் என்ற பெண் வாக்மேனில் அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அது அவள் உயிரையே காப்பாற்றுகிறது. பார்த்ததும் எனக்கு அந்த ஆட்டோதான் ஞாபகம் வந்தது.

ஆனால் தொடர் மட்டும் போதாது. கணக்கு எடுக்கும் முறையே மாறிவிட்டது. 1985-இல் பிரிட்டனில் கடையில் எத்தனை இசைத்தட்டு விற்றது என்றுதான் எண்ணினார்கள். வாங்கியவர் வீட்டில் ஆயிரம் தடவை கேட்டாலும் பட்டியலுக்கு அது ஒன்றுதான். இன்று போனில் கேட்கும் ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேர்கிறது. பழைய பாட்டு எங்கேயும் போய்விட்டுத் திரும்பி வரவில்லை என்பது என் எண்ணம். கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள், எண்ண ஆள் இல்லை.

இப்போதும் பழைய பாட்டுக்கு ஒரு தடை இருக்கிறது. பிரிட்டனில் 2017-இலிருந்து ஒரு விதி. 2022 கணக்குப்படி, சந்தா கட்டிக் கேட்பவர்கள் புதுப் பாட்டை 100 தடவை கேட்டால் ஒரு விற்பனைக்குச் சமம். பழைய பாட்டு என்றால் 200 தடவை கேட்க வேண்டியிருந்தது. கேட் புஷ் பாட்டும் இதில் மாட்டிக்கொண்டு இரண்டாம் இடத்தில் நின்றது. அப்புறம் அதற்கு விலக்கு கொடுத்தார்கள், முதலிடம் வந்தது. புதுப் பாடகர்களுக்கு இடம் வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து கேட்டதைப் பாதியாக்கி எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டது கேட்டதுதானே?

கிறிஸ்துமஸ் பாட்டுகள் தனி ரகம், தேதியே அவற்றைக் கூட்டி வந்துவிடும். மரையா கேரியின் 1994 பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது 2019 டிசம்பரில்.

2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் பார்க்கப் போனேன். குழியிலிருந்து பையனைத் தூக்கும் இடத்தில் 'கண்மணி அன்போடு' ஒலித்ததும் அரங்கமே சேர்ந்து பாடியது. பக்கத்தில் இருந்த பையன்களுக்கு இருபது வயதுகூட இருக்காது, ஒரு வரி விடாமல் பாடினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்று கேசட் பதிந்து முடித்தபோது இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் நாடா மிச்சம் இருந்தது. வேறு சின்னப் பாட்டு ஏதாவது போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, அதையே போடுங்க. பாதியில நின்னாலும் பரவாயில்ல" என்றார்.