இடப்பக்கம், வலப்பக்கம்

நவம்பர் 3, திங்கள்

படம் முடிந்தது. மூன்று நாளாகத் துண்டு துண்டாகப் பார்த்தேன். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்த நாஜி மருத்துவன் யோசெப் மெங்கலே, போருக்குப் பிறகு தென் அமெரிக்காவில் ஒளிந்து திரிந்த ஆண்டுகள். "இந்த நேரத்தில் பார்க்கிற படமா அம்மாடி இது?" என்று அம்மா கேட்டாள். மடிக்கணினியை மூடிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நவம்பர் 4

வயிற்றில் இடப்பக்கத்துப் பிள்ளை நன்றாக உதைக்கிறது. வலப்பக்கம் எப்போதாவதுதான்.

நவம்பர் 5, புதன்

படத்தில் யாரோ கதவைத் தட்டும்போது எனக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவனுக்காக. இரண்டு நாளாக அதை நினைத்து வெட்கமாக இருக்கிறது. ஒருவனையே இரண்டு மணி நேரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவன் பயம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. படம் எடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் பயத்தைப் பார்த்து நான் இரங்கக் கூடாது.

தேடித் தேடிப் படிக்கிறேன். பிரேசிலில் செர்ரா நெக்ரா பண்ணையில் கோபுரம் கட்டி, தொலைநோக்கியோடு ஏறி நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். பதற்றத்தில் மீசையைக் கடித்துக் கடித்து, விழுங்கிய முடி குடலை அடைத்துக்கொண்டதாம். சரி, பயந்திருக்கிறான். அதற்கு முன்னால்? 1949-இல் ஹெல்முட் கிரெகோர் என்ற பெயரில் அர்ஜென்டினாவில் இறங்கியவன், 1956-இல் மேற்கு ஜெர்மனித் தூதரகத்துக்கே போய்ச் சொந்தப் பெயரில் பாஸ்போர்ட் வாங்கியிருக்கிறான். புவெனஸ் ஐரிஸ் தொலைபேசிப் புத்தகத்தில் மெங்கலே என்றே அச்சாகியிருந்தது. எண்ணைச் சுழற்றினால் அவனே எடுத்திருப்பான்! 1960 மே மாதம், யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பிய ஐக்மனை அதே ஊரில் இஸ்ரேலியர்கள் பிடித்தார்கள். இவன் அதற்குள் பராகுவே போய்விட்டான்.

இரவு உணவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா ரசம் சாதம் பிசைந்து ஊட்டிவிட்டாள்.

நவம்பர் 6

அது நல்லதா? அது நல்லதா? காலையிலிருந்து இதே வார்த்தைதான்.

நவம்பர் 7, வெள்ளி

ஸ்கேன். இடப்பக்கம் 1,620 கிராம், வலப்பக்கம் 1,310. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம். டாக்டரம்மா எண்களைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டார். முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று, பிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வயிற்றில் தடவிய களிம்பு சில்லென்று காதுவரை ஏறியது.

திங்கள், புதன், வெள்ளி. ஆஷ்விட்ஸில் இரட்டையருக்கு அளவெடுக்கும் நாட்கள் என்று, அங்கிருந்து தப்பிப் பிழைத்த இரட்டையரில் ஒருத்தியான ஏவா மோசஸ் கோர் சொல்லியிருக்கிறார். உடை இல்லாமல் எட்டு மணி நேரம் வரை. ஒருத்தியின் காது, பிறகு மற்றவளின் காது. மற்ற நாட்களில் ஒரு கையில் இரத்தம் எடுப்பார்கள், மறு கையில் ஊசி போடுவார்கள்.

1944 மே மாதம் டிரான்சில்வேனியாவிலிருந்து வந்த ரயில் அது. ஏவாவுக்கும் கூடப் பிறந்த மிரியமுக்கும் பத்து வயது. ஒரே மாதிரி உடை. "இவர்கள் இரட்டையரா?" என்று காவலன் கேட்கிறான். "அது நல்லதா?" என்று அம்மா கேட்கிறாள். அவன் தலையசைக்கிறான். ஆமாம் என்கிறாள். அவ்வளவுதான், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த அம்மாவைப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

ஜூனில் திரையில் இரண்டு புள்ளிகளைக் காட்டி "இரட்டை" என்றார்கள். நானும் அதையேதான் கேட்டேன்: அது நல்லதா, டாக்டர்?

நவம்பர் 8

நுரையீரல் முதிர்வதற்கு ஊசி. நாளை இன்னொன்று. என்ன மருந்து என்று கேட்டதும் நர்ஸ் பெட்டியையே கையில் கொடுத்தார். பெயரை எழுதி வைத்துக்கொண்டேன்.

மிரியமுக்கு என்ன செலுத்தினார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. அவளுடைய சிறுநீரகங்கள் பத்து வயதுக்கு மேல் வளரவே இல்லை. 1987-இல் ஏவா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். 1993-இல் மிரியம் போய்விட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

1995-இல் அதே ஆஷ்விட்ஸில் நின்று ஏவா நாஜிகளை மன்னித்துவிட்டதாக அறிவித்திருக்கிறாள். தப்பிப் பிழைத்த மற்ற இரட்டையர் பலர் கொதித்துப்போனார்கள். அவள் மனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் நான் கொதித்தவர்கள் பக்கம்தான்.

அவருக்கு இன்றைக்கும் விடுப்பு கிடைக்கவில்லை. போனில் "எதையாவது சிரிக்கிற மாதிரி பாரேன்" என்றார். பேசாமல் வைத்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நவம்பர் 11

தேதிகளைச் சேர்த்துப் பார்த்தேன். 1979 பிப்ரவரி 7, பிரேசிலில் பெர்ட்டியோகா கடற்கரை. குளித்துக்கொண்டிருந்தபோது மெங்கலே பக்கவாதம் வந்து மூழ்கிவிட்டான். வயது 67. வோல்ஃப்காங் கெர்ஹார்ட் என்ற பெயரில் எம்பு கல்லறையில் புதைத்தார்கள். அவன் குடும்பத்துக்கு இது தெரியும். 1977-இல் போய் அவனை நேரில் பார்த்துவிட்டு வந்த மகன் ரோல்ஃபுக்கும் தெரியும்.

1985 பிப்ரவரியில் இரட்டையர் ஜெருசலேமில் கூடி, பொது விசாரணை ஒன்றில் ஒவ்வொருவராக எழுந்து அவன் செய்ததைச் சொன்னார்கள். அவனைப் பிடிக்க வேண்டும், நிறுத்திக் கேட்க வேண்டும் என்று. அவன் செத்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது அந்தக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. ஜூன் மாதம்தான் தோண்டி எடுத்தார்கள். ஒரு கடிதம், ஒரு வரி எழுதிப் போட அந்த வீட்டில் ஆளில்லாமலா போயிற்று? கால் வீங்கி, உடம்பு நடுங்கித் தங்கள் ஊசிக் கதையைச் சொல்லும் பெண்களைச் செய்தியில் பார்த்துக்கொண்டே எப்படிச் சாப்பிட்டார்கள்?

அழுதேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 12

வலப்பக்கம் காலையிலிருந்து பதினோரு முறை. பதினொன்று!

நவம்பர் 13

மணி 3.10. படுக்கை நனைந்திருக்கிறது. அம்மாவை எழுப்ப வேண்டும்.